டோலியானி கண்டேன்

அயல்நாடு சென்று மீண்ட எவரையும் நம் சங்கத்து அன்பர்கள் கேட்கும் முதற் கேள்வி, "அங்கே சாப்பாட்டிற்கு என்ன செய்தீர்கள்?" என்பதே. ஊர் எப்படி, மக்கள் எப்படி என்பனவெல்லாம் அதற்குப் பின்னர்தான். பிழைப்பின் பொருட்டுத் தமிழகம் விட்டுத் தில்லிக்கு வந்து, புழுங்கலரிசிக்கும் புளிக்கும் கடை தேடி அலைந்து பழகிய நமக்கு அக்கேள்வி இயல்பானதே. 2023-ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில், இயந்திரப் பயிற்சியின் பொருட்டு என் அலுவலகத்தார் என்னை இரண்டு மாதம் இத்தாலி நாட்டின் டூரின் நகருக்கு அனுப்பியிருந்தனர். திரும்பி வந்ததும் அக்கேள்வி என்னையும் எதிர்கொண்டது. அப்போது பாதி விடைதான் சொன்னேன். மீதியைச் சொல்லக் கூச்சமாக இருந்தது. அதனை இங்கே எழுதுகிறேன். ஒரு சிறு கண்ணாடித் தம்ளரில் அரையளவு ஊற்றப்பட்ட சிவப்பு ஒயினைப் பற்றியது அது.

மதுவின் பேச்சை எடுத்ததும் சில அன்பர்கள் முகம் சுளிக்கக்கூடும். அவர்களை நான் குறை கூறேன். நானும் அவர்கள் கட்சியைச் சேர்ந்தவனே. என் சிறிய தந்தையார் குடியினால் மாண்டவர். கைதேர்ந்த தச்சர், அவர் இழைத்த கதவுகள் எங்கள் ஊரில் இன்றும் உள்ளன. பொழுது சாய்ந்ததும் எங்கோ சென்று, வெறும் வயிற்றில் குடித்துவிட்டு, ஊர் அடங்கிய பின்னர் வருவார். சிற்றன்னையார் சோற்றை மூடி வைத்துக்கொண்டு திண்ணையில் காத்திருப்பார். நாற்பத்திரண்டு வயதில் அவர் போய்ச் சேர்ந்தார். எனக்கு வேலை கிடைத்துத் தில்லிக்குப் புறப்பட்ட அன்று, இரயில் நிலையத்தில் என் தாயார் என் கையைப் பற்றிச் சத்தியம் வாங்கிக்கொண்டார். "எந்த ஊரில் வேண்டுமானாலும் இரு, ராசா. அதை மட்டும் தொடாதே." இருபத்தாறு ஆண்டுகள் அச்சத்தியத்தைக் காத்தேன். டோலியானி என்னும் சிற்றூரில் அதற்குச் சோதனை வந்தது.

குன்றும் கொடியும்

இத்தாலியின் வடமேற்கு மூலையில், ஆல்ப்ஸ் மலையை ஒட்டியிருப்பது பியமோந்தே மாநிலம். 'மலையடி' என்பதே அப்பெயரின் பொருள். டூரின் அதன் தலைநகர். அங்கிருந்து தெற்கே சென்று தனாரோ ஆற்றைக் கடந்தால் லாங்கே என்னும் குன்றுகள் தொடங்குகின்றன. ஒன்றன் பின் ஒன்றாக அலையெறிந்தாற்போல் நிற்கும் குன்றுகள். ஒவ்வொன்றின் உச்சியிலும் ஒரு கோயிற் கோபுரமும் சில ஓட்டு வீடுகளும். சரிவெங்கும் வரிசை பிறழாத திராட்சைக் கொடிகள். வானம் தெளிந்த நாளில் மேற்கே 3,841 மீட்டர் உயரமுள்ள மோன்விசோ சிகரம் பனி போர்த்து நிற்பதைக் காணலாம். இந்நிலக் காட்சியை 2014-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் உலகப் பாரம்பரியச் செல்வமாக அறிவித்தது.

இன்று செழித்து விளங்கும் இக்குன்றுகள் ஒரு காலத்தில் வறுமைக்குப் பேர்போனவை. ஊரை விட்டு அமெரிக்காவிற்கும் பிரான்சிற்கும் பிழைக்கச் சென்றோர் பலர். இப்பகுதியின் சாந்தோ ஸ்தேபனோ பெல்போ என்னும் ஊரில் 1908-இல் பிறந்த செசாரே பவேசே, அமெரிக்கா சென்று பொருளீட்டித் திரும்பும் ஒருவன் தன் ஊரில் தனக்கு எஞ்சியிருப்பது என்ன என்று தேடும் கதையை 1950-இல் நாவலாக எழுதினார். 'நிலாவும் சொக்கப்பனையும்' என்று அதன் பெயரை நாம் தமிழில் சொல்லலாம். விடுமுறைக்கு ஊர் சென்று, பழைய தெருவில் புதிய முகங்களைக் கண்டு திகைக்கும் நம்மவர்க்கு அக்கதை அந்நியமாகத் தோன்றாது.

டூரினில் எனக்குப் பயிற்சியளித்தவர்களுள் ஒருவர் டோலியானியைச் சேர்ந்தவர். நவம்பர் முதல் நாள் புனிதர் அனைவர் திருநாள். மறுநாள் இறந்தோர் நினைவு நாள். "தனியே அறையில் கிடந்து என்ன செய்யப் போகிறீர்? எங்கள் ஊருக்கு வாரும். அம்மா இருக்கிறார், சாப்பாட்டிற்குக் குறைவிராது" என்று அவர் அழைத்தார். அக்டோபர் 31-ஆம் நாள் மாலை அவருடைய காரில் ஊர் போய்ச் சேர்ந்தோம்.

டோலியானி இரு பகுதியானது. குன்றின்மேல் பழைய கோட்டைப் பகுதி, கீழே கடைத்தெரு. கடைத்தெருவின் நடுவே, சிற்றூருக்குச் சற்றும் பொருந்தாத பேருருவக் குவிமாடத்துடன் ஒரு கோயில் நிற்கிறது. அவ்வூரிலேயே பிறந்த ஸ்கெல்லீனோ என்னும் கட்டடக் கலைஞர் 19-ஆம் நூற்றாண்டில் எழுப்பியது. சற்றுத் தள்ளி 1963-இல் கட்டப்பட்ட ஊர் நூலகம். அதன் பின்னால் ஒரு பெரியவரின் வரலாறு இருக்கிறது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் இத்தாலி குடியரசானபோது, 1948 முதல் 1955 வரை அதன் தலைவராக இருந்தவர் லுயீஜி ஐனாவுதி. பொருளாதாரப் பேராசிரியர், பக்கத்து ஊராகிய கர்ரூவில் பிறந்தவர். 1897-இல், இருபத்து மூன்று வயதில், டோலியானியில் ஒரு பண்ணை வாங்கித் திராட்சை பயிரிட்டார். குடியரசுத் தலைவரான பின்னரும் அறுவடைக் காலத்தில் ஊர் வந்துவிடுவாராம். அவருடைய நினைவாக மகனார், பதிப்பாளர் ஜூலியோ ஐனாவுதி, ஊருக்கு அளித்ததே அந்நூலகம். பெரியவரின் சிக்கனத்தைப் பற்றி என்னியோ ஃபிளயானோ என்னும் எழுத்தாளர் ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியிருக்கிறார். அரண்மனை விருந்தின் முடிவில் பெரிய பேரிக்காய்கள் வந்தனவாம். தலைவர், "எனக்குப் பாதி போதும், மறுபாதியை யார் எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று விருந்தினரைக் கேட்டாராம். அந்தப் பாதிப் பேரிக்காயை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு அன்பர்களை வேண்டுகிறேன். அவ்வூர் வாழ்க்கை முறைக்கே அது ஓர் அடையாளம்.

சின்ன இனிப்பு

லாங்கேயின் புகழைப் பரப்பியது பரோலோ என்னும் விலையுயர்ந்த ஒயின். நெபியோலோ என்னும் திராட்சையிலிருந்து செய்யப்படுவது. அதனை அறுவடைக்குப் பின் 38 மாதமாவது வைத்திருந்துதான் விற்கவேண்டும் என்பதும், அதில் 18 மாதம் மரப்பீப்பாயில் இருக்கவேண்டும் என்பதும் சட்டம். உலகெங்கிலுமிருந்து செல்வர் வந்து வாங்கிச் செல்கின்றனர். ஆனால் அதைச் செய்யும் குடியானவர் தம் வீட்டுச் சாப்பாட்டிற்கு அதனை நாள்தோறும் திறப்பதில்லை. கலியாணத்திற்கும் கிறிஸ்துமசுக்கும் அது. அன்றாடத்திற்கு வேறொன்று உண்டு. அதன் பெயர் டோல்செட்டோ.

'சின்ன இனிப்பு' என்று அப்பெயருக்குப் பொருள். பறித்து வாயிலிட்டால் புளிப்புக் குறைந்து இனிக்கும் கருநீலத் திராட்சை. ஆயினும் அதன் ஒயினில் இனிப்பு இல்லை. பழத்தின் சர்க்கரை முழுவதும் நொதித்துப் போய்விடுகிறது. டோலியானியில் 1593-ஆம் ஆண்டின் ஊர்க் கட்டளை ஒன்றிலேயே இத்திராட்சையின் பெயர் காணப்படுகிறது. நானூறு ஆண்டுகளுக்கு மேலாக அவ்வூரார் இதனைப் பயிரிட்டு வருகின்றனர் என்பதற்கு அது சான்று. 2005-இல் இத்தாலிய அரசு அவ்வூர் டோல்செட்டோவின் மேல்தரத்திற்கு நாட்டின் மிக உயர்ந்த தரச் சான்றிதழை வழங்கியது. 2011 முதல் திராட்சையின் பெயரையும் விடுத்து, 'டோலியானி' என்ற ஊர்ப் பெயராலேயே அவ்வொயின் விற்கப்படுகிறது.

மறுநாட் காலை நண்பர் என்னைத் தோட்டத்திற்கு அழைத்துச் சென்றார். வெயில் நன்கு படும் தென்முகச் சரிவுகளை லாங்கேக் குடியானவர் நெபியோலோவிற்கு ஒதுக்குகின்றனர். அது அக்டோபர் வரை நின்று மெல்லப் பழுப்பது. டோல்செட்டோ செப்டம்பரிலேயே பழுத்துவிடுவதால், உயரமும் குளிர்ச்சியும் மிக்க, பிறவற்றிற்கு ஆகாத இடங்கள் அதன் பங்கிற்கு வருகின்றன. வீட்டின் மூத்த மகனுக்கு நன்செய்யும் இளையவனுக்கு மேட்டு நிலமும் கொடுத்ததுபோல் எனக்குத் தோன்றியது. ஆனால் குடும்பத்தைக் காப்பாற்றுவது இளையவன்தான். பரோலோ மூன்றாண்டிற்கு மேல் நிலவறையில் உறங்கும்போது, அடுத்த வசந்தத்திலேயே விற்பனைக்கு வந்து கைக்குக் காசு கொடுப்பது டோல்செட்டோவே.

பின்னர் நிலவறையைக் கண்டேன். மரப்பீப்பாய்களை எதிர்பார்த்துச் சென்ற எனக்கு ஏமாற்றம். நம் ஊர்ப் பால் பண்ணையைப்போல் பளபளக்கும் எவர்சில்வர் தொட்டிகளும், பழைய சிமெண்டுத் தொட்டிகள் இரண்டும்தான் இருந்தன. நண்பர் விளக்கினார். நசுக்கிய பழத்தைத் தோலுடன் சில நாள், ஏறக்குறைய ஒரு வாரம், தொட்டியில் விடுகின்றனர். ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சர்க்கரையைச் சாராயச் சத்தாக மாற்றுகிறது. தோலிலிருந்து நிறமும் துவர்ப்பும் இறங்குகின்றன. இத்திராட்சையின் தோலில் இவ்விரண்டும் மிகுதி. ஆதலால் நெடுநாள் ஊறவிட்டால் வாய் கட்டிப்போகும். பிறகு தோலை நீக்குகின்றனர். அடுத்து இரண்டாவது மாற்றம் ஒன்று நிகழ்கிறது. ஆப்பிளில் இருப்பது போன்ற கூரிய புளிப்பு, தயிரில் இருப்பது போன்ற மெல்லிய புளிப்பாகிறது. வண்டல் படியப் படியத் தெளிவை வேறு தொட்டிக்கு மாற்றி, குளிர்காலம் கழிந்ததும் புட்டியில் அடைக்கின்றனர். இவ்வளவே.

"ஓக் மரப் பீப்பாயில் ஏன் வைப்பதில்லை?" என்று கேட்டேன்.

"மரம் தன் மணத்தையும் தரும். புகையும் வனிலாவும் கலந்த மணம். பல்லாண்டு நிற்கவேண்டிய ஒயினுக்கு, மரத்தின் வழியே மெல்லக் கசியும் காற்று நன்மை செய்யும். இது இரண்டு மூன்று ஆண்டிற்குள் குடித்துத் தீர்க்க வேண்டியது. இதில் பழம் மணந்தால் போதாதா? மேலும் நல்ல பீப்பாய் விலை மிகுந்தது. அந்தச் செலவைப் புட்டியின் விலையில் ஏற்றினால் பக்கத்து வீட்டுக்காரர் இதை எப்படி வாங்குவார்?" என்றார் நண்பர்.

பேசிக்கொண்டிருந்தபோதே பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் வந்தார். கையில் வெறும் குடுவை. தொட்டியின் குழாயைத் திறந்து சென்ற ஆண்டு ஒயினை அதில் பிடித்துக்கொண்டு, காசு வைத்துவிட்டுச் சென்றார். செக்கடிக்குத் தூக்குப் பாத்திரம் எடுத்துச் சென்று நல்லெண்ணெய் வாங்கிய என் இளமைக் காலம் நினைவிற்கு வந்தது. 54 லிட்டர் கொள்ளும் பெரிய கண்ணாடிக் குடுவையில் வாங்கிச் சென்று, தேய்பிறை பார்த்து வீட்டிலேயே புட்டிகளில் அடைத்துக்கொள்ளும் முதியவர்களும் அங்கே இருக்கின்றனர்.

மேசையின் ஒழுங்கு

இனி அவ்வீட்டுச் சாப்பாட்டிற்கு வருகிறேன். முதல் நாள் இரவே அதன் ஒழுங்கைக் கவனித்தேன். நண்பரின் தாயாருக்கு எழுபத்தேழு வயது. ரொட்டியை மேசையில் வைக்கும்போதுதான் அம்மையார் ஒயின் புட்டியையும் கொண்டுவந்தார். மகனுக்கும் மருமகளுக்கும் ஒவ்வொரு சிறு தம்ளர் ஊற்றினார். தமக்குப் பாதித் தம்ளர் ஒயினும் மீதி தண்ணீரும். பேரனுக்குத் தண்ணீர் மட்டும். என் தம்ளருக்கு வந்தபோது நான் அதன்மேல் கையை வைத்து மூடினேன். அம்மையார் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீரை ஊற்றிவிட்டு நகர்ந்தார். விருந்தினரை வற்புறுத்துவதே உபசாரம் என்று கருதும் நம் வழக்கம் எனக்கு அப்போது நினைவிற்கு வந்தது.

சுட்டுத் தோலுரித்த சிவப்புக் குடைமிளகாய் முதலில் வந்தது. அடுத்து, பூண்டையும் உப்பிட்ட நெத்திலி மீனையும் ஆலிவ் எண்ணெயில் கரையக் காய்ச்சிய கலவை. அடியில் சிறு தீயுடன் மேசை நடுவே வைத்து, காய்கறித் துண்டுகளை அதில் தோய்த்துத் தோய்த்து எல்லாரும் உண்கின்றனர். பின்னர் டாயரின், முட்டைக் கருவை மிகுதியாகச் சேர்த்துப் பிசைந்து, இடியாப்ப இழைபோல் நறுக்கி, வெண்ணெயில் புரட்டியது. முடிவில் ஒரு துண்டுப் பாற்கட்டியும் ஆப்பிளும். இடையிடையே ஒரு மிடறு ஒயின். யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. முகர்ந்து பார்த்து வருணிக்கவில்லை. சாப்பாடு முடிந்ததும், தட்டுகளை எடுத்த அதே கையோடு, பாதிக்குமேல் மீதமிருந்த புட்டியையும் தக்கையால் அடைத்து அம்மையார் உள்ளே கொண்டுபோய்விட்டார். அதன்பின் யாரும் அதனைத் தேடவுமில்லை. மறுநாள் பகலுணவின் போதுதான் புட்டி மீண்டும் மேசைக்கு வந்தது.

குடி என்றால் ஒளிவு, சண்டை, அழுகை என்றே கண்டு வளர்ந்தவன் நான். 1937-இல் சேலம் மாவட்டத்தில் தொடங்கி 1948-இல் சென்னை மாகாணம் முழுவதும் பரவிய மதுவிலக்கை என் பாட்டனார் கோயில் கொடைபோல் கொண்டாடினார் என்பர். இங்கோ, உப்பு மரவையைப்போல் ஒயின் புட்டி மேசையில் வந்து போகிறது! அன்றிரவு எனக்கு வெகுநேரம் உறக்கம் பிடிக்கவில்லை.

தெற்கிலிருந்து வந்த மருமகள்

இரண்டாம் நாள் மாலை, அடுப்பங்கரையில் கொண்டைக்கடலையை ஆய்ந்துகொண்டே அம்மையார் தம் வரலாற்றைச் சொன்னார். மகன் எனக்கு மொழிபெயர்த்தார். அம்மையார் டோலியானியிற் பிறந்தவர் அல்லர். இத்தாலியின் தென்கோடியில் உள்ள கலாப்ரியாவில் பிறந்தவர். 1950, 1960-களில் லாங்கேப் பெண்கள் குடியானவனுக்கு வாழ்க்கைப்பட விரும்பாமல் நகரங்களின் தொழிற்சாலைகளை நாடிச் சென்றனர். குன்றுகளில் மணமாகாத ஆண்கள் பெருகினர். அங்கே 'பச்சாலே' எனப்படும் கலியாணத் தரகர்கள், தெற்கே ஏழைக் குடும்பங்களில் பெண் தேடினர். புகைப்படம் காட்டிப் பேசி முடித்த கலியாணங்கள் பல. நூதோ ரெவெல்லி என்னும் எழுத்தாளர் இப்பெண்கள் பலரின் கதைகளை அவர்கள் வாய்மொழியாகவே திரட்டி 1985-இல் நூலாக வெளியிட்டிருக்கிறார்.

அம்மையாரும் அவ்வாறே 1966-இல், இருபது வயதில், இரயிலேறி வந்தவர். பெட்டியில் இரண்டு உடையும், ஒரு சரம் காய்ந்த மிளகாயும். அவர் பேசிய மொழி இங்கே புரியவில்லை; இங்கே பேசிய மொழி அவருக்குப் புரியவில்லை. 'தெற்கத்தியாள்' என்று ஊரார் ஒதுங்கினர். மாமியார் முகங்கொடுத்துப் பேசவில்லை. மூடுபனி பல நாள் விலகாத அந்த முதற் குளிர்காலத்தில், ஓடிவிடலாமா என்றுகூட எண்ணினாராம்.

"ஒரு நாள் இரவு சாப்பாட்டின்போது மாமியார் என் முன்னால் ஒரு தம்ளரை வைத்தார். பாதி ஒயின், பாதி தண்ணீர். அவர் தமக்கு ஊற்றிக்கொள்ளும் அதே அளவு. ஒன்றும் சொல்லவில்லை. அன்றுதான் இந்த மேசையில் எனக்கு ஓரிடம் கிடைத்தது என்று அறிந்தேன்" என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "என் மிளகாயை அவர் ஏற்றுக்கொள்ள இன்னும் நான்கு ஆண்டு பிடித்தது" என்று சேர்த்துக்கொண்டார். முதன்முதல் தில்லியில் குடிபுகுந்தபோது, எங்கள் வீட்டுக் கருவாட்டு மணத்திற்குக் கதவைச் சாத்திய அண்டை வீட்டாரை நினைத்துக்கொண்டேன். நானும் சிரித்தேன்.

நிற்க. அவ்வூரைப் பற்றி நல்லதை மட்டும் எழுதினால் அது பொய்யாகும். 1986-ஆம் ஆண்டு மார்ச் மாதம், இத்தாலியில் மலிவு ஒயினின் வேகத்தைக் கூட்டுவதற்காகப் பேராசைக்காரர் சிலர் மெத்தில் ஆல்கஹால் என்னும் நஞ்சைக் கலந்து விற்றனர். இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர், சிலர் கண்ணிழந்தனர். அக்கலப்படம் இதே பியமோந்தே மாநிலத்தில்தான் வெளிப்பட்டது. "நாங்கள் ஒரு தவறும் செய்யவில்லை. ஆனால் அந்த ஆண்டு எங்கள் ஒயினை வாங்க ஆளில்லை. இறந்தவரெல்லாம் எங்களைப்போல் அன்றாடத்திற்கு மலிவாக வாங்கிய ஏழைகள்" என்றார் அம்மையார். அதன்பின் சோதனைகள் கடுமையாயின. அளவைக் குறைத்துத் தரத்தை உயர்த்துவது என்று உற்பத்தியாளர் பலர் துணிந்ததும் அப்பேரிடருக்குப் பின்னரே.

கடலைச் சாறும் அரைத் தம்ளரும்

நவம்பர் 2-ஆம் நாள் டோலியானியில் புனிதர் சந்தை. விடியற்காலையிலேயே சதுக்கத்தில் பெரிய கொப்பரைகளிலிருந்து ஆவி எழுகிறது. கொண்டைக்கடலையையும் மாட்டுக்குடலையும் சேர்த்து இரவெல்லாம் வேகவைத்த 'சீஸ்ரா' என்னும் சாற்றை எல்லாருக்கும் வழங்குகின்றனர். குளிரில் கைகளைத் தேய்த்துக்கொண்டு, ஏழை பணக்காரர் பாராமல் வரிசையில் நின்று வாங்கி அருந்துகின்றனர். நம் ஊர்க் கூழ் ஊற்றும் விழாவைப் போன்றதே. மாட்டுக்குடல் எனக்கு ஆகாது என்றறிந்து, அம்மையார் கடலையை மட்டும் தனியே வேகவைத்து இரவுச் சாப்பாட்டிற்கு வைத்திருந்தார்.

அன்றிரவு மேசையில் ஒரு தட்டும் ஒரு தம்ளரும் மிகுதியாக இருந்தன. இறந்தோர் நினைவு நாளில் மறைந்தவருக்காக ஓரிடம் விடுவது பியமோந்தேயின் பழைய வழக்கம். அது அம்மையாரின் கணவருக்கு உரிய இடம். அந்தத் தம்ளரில் ஒயின் ஊற்றியபோது எனக்கு எங்கள் வீட்டுப் படையல் நினைவிற்கு வந்தது. சிறிய தந்தையார் நினைவிற்கு வந்தார். என்னையறியாமல் அவர் கதையைச் சொன்னேன். தாயாருக்குச் செய்த சத்தியத்தையும் சொன்னேன்.

அம்மையார் கேட்டார்: "அவர் சாப்பாட்டோடு குடித்தாரா?"

"இல்லை."

"யாரோடு குடித்தார்?"

"தனியே."

அம்மையார் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "எங்கள் குன்றிலும் அப்படிப் போனவர்கள் உண்டு, மகனே. ஒயின் யாரையும் கெடுக்காது என்று சொல்பவன் பொய்யன். அதனால்தான் புட்டியை நான் எடுத்து வைக்கிறேன்" என்றார்.

யாரும் என்னை வற்புறுத்தவில்லை. என் தம்ளரை நானே நீட்டினேன். அம்மையார் மகனை ஒருமுறை பார்த்துவிட்டு, அரையளவு ஊற்றினார். சத்தியத்தை மீறியவன் நான். பழியைப் பிறர்மேல் போட மாட்டேன்.

அதன் சுவையைச் சொல்லவேண்டுமானால், நம்மவர்க்கு விளங்கும் சொல் ஒன்று உண்டு: நாவற்பழம். அதே கருநீலம், ஓரத்தில் ஊதா. மூக்கருகே கொண்டுபோனால் பழுத்த பழத்தின் மணம். மரமோ புகையோ இல்லை. நாவில் இனிப்பில்லை, புளிப்பு மிகக் குறைவு, பல்லையும் ஈறையும் பற்றும் துவர்ப்பு, விழுங்கிய பின் வாதுமைத் தோலின் சிறு கசப்பு. தனியே ஒரு மிடறு அருந்தியபோது அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் எண்ணெயில் ஊறிய கடலையையும் பாற்கட்டியையும் உண்டபின் அருந்தியபோது அதுவே வேறாயிற்று. உணவின் கொழுப்பு துவர்ப்பைத் தணித்தது. துவர்ப்பு கொழுப்பை நாவிலிருந்து துடைத்தது. அடுத்த கவளத்திற்கு வாய் புதிதாயிற்று. சாம்பாருக்குப் பின் ரசமும், ரசத்திற்குப் பின் மோரும் நமக்குச் செய்யும் வேலையும் இதுவன்றோ! இந்த ஒயின் சாப்பாட்டிற்காகவே பிறந்தது. சாப்பாடில்லாமல் அதற்கு மதிப்பில்லை. அரைத் தம்ளர் முடிந்தது. புட்டி உள்ளே சென்றது. நான் இரண்டாவது கேட்கவில்லை, கேட்டிருந்தாலும் கிடைத்திராது.

இத்தாலியரின் ஒயின் நமக்கு முற்றிலும் புதிதன்று. யவனர் கொணர்ந்த குளிர்ந்த தேறலைப் பாண்டியன் அருந்தியதை நக்கீரர் புறநானூற்றின் 56-ஆம் பாட்டிற் பாடியிருக்கிறார். புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945-இல் நடந்த அகழாய்வில், மத்தியதரைக் கடல் நாடுகளிலிருந்து ஒயின் வந்த இருபிடிச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. ஆனால் அது அரசனின் பொற்கலத்திற்கு வந்த அயல்நாட்டுப் பொருள். குடியானவன் மேசையில் கடலைச் சாற்றோடு வந்து போகும் பொருளாக அதை நாம் கண்டதில்லை. கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரம் வகுத்த வள்ளுவரின் வழியும் நமக்கு உண்டு.

பொங்கலுக்கு ஊர் சென்றபோது

2024 பொங்கலுக்கு ஊர் சென்றேன். தாயாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவரோ நெடுநேரம் முறத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"தட்டை எடுக்கும்போதே அந்த அம்மா புட்டியையும் எடுத்துவிடுகிறாளா?"

"ஆமாம், அம்மா."

"உன் சித்திக்கு அந்தக் கொடுப்பினை இல்லையே, ராசா. புட்டி எங்கே இருக்கிறது என்றே அவளுக்குத் தெரியாது. சோற்றை மட்டும் மூடி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்."

சிறிது நேரம் கழித்து, "அந்த வீட்டில், அந்த அம்மா கையால் வாங்கினாய். போகட்டும். நம் வீட்டிற்கு அது வேண்டாம். கையைக் கொடு" என்றார். மறுபடியும் கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். அவ்வாண்டு ஜூன் மாதம் கள்ளக்குறிச்சியில், மெத்தில் ஆல்கஹால் கலந்த சாராயத்திற்கு அறுபதுக்கும் மேற்பட்டோர் பலியான செய்தியைத் தில்லியில் படித்தபோது, 1986-ஐப் பற்றி டோலியானி அம்மையார் சொன்னதும், என் தாயார் நீட்டிய கையும் ஒருங்கே நினைவிற்கு வந்தன.

ஆகவே, இக்கட்டுரையைப் படித்து எவரும் ஒயின் புட்டி வாங்கப் புறப்பட வேண்டா. மதுவில் உடலுக்குத் தீங்கற்ற அளவு என்று ஒன்றில்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லிவிட்டது. இத்தாலியரே குறைத்துக்கொண்டு வருகின்றனர். 1960-களில் ஆண்டிற்கு ஆளுக்கு நூறு லிட்டருக்கு மேல் ஒயின் அருந்திய அந்நாட்டில், இப்போது அதிற் பாதிகூட இல்லை. அம்மையாரின் பேரன், வளர்ந்த பின்னும் தொடப்போவதில்லை என்கிறான். விலை கிடைக்கவில்லை என்று டோல்செட்டோக் கொடிகளைப் பிடுங்கிவிட்டு நெபியோலோவும் ஹேசல் கொட்டையும் நடுவோர் பெருகிவருகின்றனர். அன்றாடத்திற்கென்று இருந்த சிறிய பொருளை விட்டு, விழாவிற்கென்று இருந்த பெரிய பொருளை நோக்கி உலகம் செல்கிறது போலும்!

ஆனால் அம்மேசையிலிருந்து நான் ஒன்றைக் கொண்டுவந்தேன். எங்கள் தில்லி வீட்டில் முன்பெல்லாம் நான் அலுவலகத்திலிருந்து வந்து தனியே உண்பேன். பிள்ளைகள் ஆளுக்கொரு நேரத்தில் உண்பார்கள். என் மனைவி எல்லாருக்கும் பின்னர், ஆறிய சோற்றை உண்பாள். இப்போது இரவு எட்டரை மணிக்கு நால்வரும் ஒன்றாக உட்காருகிறோம். மேசை நடுவே ஒரு செம்பில் மோர். கடைசிக் கவளம் முடியும்வரை யாரும் எழுவதில்லை. முடிந்ததும் தட்டுகளை எடுத்து வைப்பது என் வேலை. செம்பையும் நானே எடுத்து வைக்கிறேன்.

"அங்கே சாப்பாட்டிற்கு என்ன செய்தீர்கள்?" என்று கேட்ட அன்பர்களுக்கு, நான் சொல்லாமல் விட்ட மீதி விடை இதுவே.